முக்கண் குகையும் எங்கள் இரண்டு மணித்தியாலமும்

சொன்ன நேரத்துக்கு வருகிற மனிதர் உலகத்தில் கிடையாது என்று நான் நம்பியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு நம்பியிருந்தால் மன்னிக்கலாம். சுவிற்சர்லாந்தில் ஆறு வருடம் குடியிருந்து, நாள்தோறும் நிமிடம் பிசகாத ட்ராமில் ஏறி இறங்கிக்கொண்டே நம்பியிருந்தேன். ட்ராம் இரும்பு, அது வரும். மனிதர் சதை, அவர்கள் பிந்தித்தான் வருவார்கள். இதுதான் என் தத்துவம்.

பயண முகவர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாரே, விமானத்தில் இடம் பிடிப்பது எப்படி, விலை தேடுவது எப்படி என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதில் நீங்கள் என்னைவிட வேகம். பிழை விட்ட பிறகு என்ன செய்யக் கூடாது என்பதை மட்டும் என்னிடம் கேளுங்கள். அந்தத் துறையில் என்னைப் போல அனுபவசாலி இந்த நாட்டில் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் முதலாளியின் கடை. முன்பக்கம் அரிசி, மிளகாய்த்தூள், வாடகைக்கு வீடியோ கசெற். பின்பக்கம் இரண்டு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு ஃபாக்ஸ் இயந்திரம். பின்பக்கத்துக்குப் பயண முகவர் நிலையம் என்று பெயர். கொழும்பு, சென்னை, லண்டன், ரொறன்ரோ. எங்கள் உலகப்படத்தில் நாலே ஊர்தான்.

ஒரு மேசையில் வசந்தி. என்னைவிட வயதில் இளையவள், ஜெர்மனில் என்னைவிட எண்பது வயது மூத்தவள். மற்ற மேசையில் நான். ஆஸ்பத்திரிக் குசினியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவனை முதலாளி ப்ரோப்சைட்டில் எடுத்திருந்தார். அதாவது மூன்று மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் மேசை என்னுடையது. பிடிக்காவிட்டால் தட்டுகள் அங்கேயேதான் இருக்கின்றன, எங்கும் போய்விடவில்லை.

எங்கள் நிலையத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வாடிக்கையாளருக்கு எந்த நேரத்தைச் சொன்னாலும் இரண்டு மணித்தியாலம் முந்தியே சொல்ல வேண்டும். கல்யாண அட்டையில் ஒன்பது என்று போட்டால் பதினொன்றுக்கு மண்டபம் நிரப்புகிற சனம் நாங்கள். விமானப் பயணம் என்றால் இன்னும் மோசம். படி இறங்கும்போது யாராவது தும்முவார்கள். திரும்பி உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். வழியனுப்ப மூன்று கார் வரும்; மூன்றாவது கார் வழி தவறும். ஒருமுறை ஒரு குடும்பம், ராகு காலம் கழியட்டும் என்று க்ளோட்டன் விமான நிலையத்துக்கு வெளியே பனியில் சூட்கேசுகளோடு நின்றது. உள்ளே அவர்களுடைய பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு முதலாளி சொன்னார்: "ஐசே, இனிமேல் ரெண்டு மணித்தியாலத்தை வெட்டிப்போட்டுச் சொல்லும். சனம் தன்ர பாட்டில வந்து சேரும்."

சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் விமானத்தைத் தவறவிடவில்லை. இப்படித்தான் ஒரு நல்ல வழக்கம் ஆளைக் கவிழ்க்கத் தயாராகும்.

முதலாளி பின்னேரங்களில் ஒரு உணவகத்தைத் துப்புரவு செய்யப் போவார். அதன் நிலவறையில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் சிலர் கிழமைக்கு ஒருநாள் கூடி மரக்கட்டைகளை நோக்கிப் பந்து உருட்டுவார்கள். கணவன்மாரும் மனைவிமாருமாகப் பதினாலு பேர். கரீபியன் கடற்கரைப் பழைய துறைமுக நகரம் ஒன்றைப் பார்க்க அவர்களுக்கு ஆசை. பெரிய நிறுவனங்கள் சொன்ன விலை கசந்தது. முதலாளி தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, "நாங்கள் செய்து தருகிறோம்" என்று சொல்லிவிட்டார். அந்த நகரம், சாந்தோ டொமிங்கோ, எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. வசந்திக்குத் தெரியும், ஆனால் அவள் மேசையில் கொழும்புக்குப் போகிறவர்கள் குவிந்திருந்தார்கள். ஆகவே வேலை எனக்கு.

"ஐசே, இது எங்கட முதலாவது வெள்ளைக்காரக் குறூப். சரிவந்தால் கடை வாசலில ஜெர்மனில எழுதி ஒரு போட் போடலாம். சரிவராட்டி..."

அவருடைய கண் ஆஸ்பத்திரிப் பக்கம் போய்விட்டு வந்தது.

நான் கையேடுகளை வாங்கி அந்த நகரத்தைப் பாடமாக்கினேன். ஆற்று வாயைக் காவல் காக்கும் கோட்டை. அமெரிக்கக் கண்டத்திலேயே பழைய தேவாலயம். கொலம்பஸின் மகன் கட்டிய மாளிகை. அரசவைப் பெண்கள் மாலையில் உலாவியதால் சீமாட்டிகள் தெரு என்று பெயர் பெற்ற கல்வீதி. கொலம்பஸின் எலும்புகள் எங்களிடம் என்று சொல்லும் பிரமாண்டமான கலங்கரை விளக்கம். இல்லை, எங்களிடம்தான் என்று சொல்லும் ஸ்பெயின். இறந்த பிறகும் அந்த மனிதருக்கு இரண்டு வதிவிடம். எங்கள் ஆட்களுக்கு உயிரோடு இருக்கும்போது ஒன்று கிடைக்கிறதே பாடு.

அங்கே பேருந்தும் வழிகாட்டியுமாக ரமோன் என்று ஒருவரைப் பிடித்தேன். அவருக்கும் ஜெர்மன் அரைகுறை, எனக்கும் அரைகுறை. இரண்டும் ஒரே இடத்தில் நொண்டியதால் ஒருவரை ஒருவர் அருமையாக விளங்கிக்கொண்டோம். கலங்கரை விளக்கத்தைப் போட்டால் அயலில் மின்சாரம் போய்விடும் என்று அவர் சொன்னபோது, யாழ்ப்பாணத்தான் எனக்கு அவர் சொந்தக்காரர் போலவே ஆகிவிட்டார்.

முதலாளி திட்டத்தைப் பார்வையிட்டார். நகரத்துக்கு வெளியே மூன்று கண்கள் என்று ஒரு குகை இருந்தது. சுண்ணாம்புக் கல் இடிந்து விழுந்த பள்ளத்தில் பச்சையும் நீலமுமாக மூன்று ஏரிகள். கயிறு இழுத்துப் போகும் தெப்பத்தில் ஏறினால் மறைவாக இன்னும் ஒன்று. அவருடைய விரல் அந்த இடத்தில் நின்றது.

"மூண்டு கண்ணோ?"

"ஓம் அண்ணை. குகை."

"அப்ப இதை முதல் வையும். விடியக் காலமை. சாப்பாட்டுக்கு முந்தி."

"அண்ணை, அது கோயில் இல்லை. வெறும் குகை."

"முக்கண் எண்டு பேர் இருக்கு, தண்ணி இருக்கு, தெப்பம் இருக்கு. பிறகென்ன? அந்தச் சனம் கும்பிடாட்டி எங்களுக்கென்ன, நாங்கள் முறையைச் செய்வம்."

இப்படியாகப் பந்து உருட்டும் ரயில்வேக்காரரின் உல்லாசப் பயணம், நயினாதீவு அம்மனிடம் போகிற யாத்திரை போல் வடிவெடுத்தது. விடிய எழும்பி, வெறும் வயிற்றோடு, முதலில் முக்கண். மறுநாள் பழைய நகரம் முழுவதும். மூன்றாம் நாள் பின்னேரம் விமான நிலையம்.

ரமோனுக்குச் சரியான நேரங்களை அனுப்பினேன். முதல் நாள் ஏழு மணிக்குப் பேருந்து. பயணிகளுக்குக் கொடுத்த தாளில், கை பழகிய பழக்கத்தில், ஐந்து மணி என்று எழுதினேன். எல்லா நாளும் அப்படியே, இரண்டு இரண்டு மணித்தியாலம் வெட்டி. யாருக்கு? வாழ்நாள் முழுக்க ரயில் விட்டவர்களுக்கு.

குழுவின் தலைவர் கெர்பர், ஜெர்மன் மரியாதையில் ஹேர் கெர்பர், சின்ன ஸ்டேஷன் ஒன்றின் பொறுப்பதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். தாளை வாங்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காலை ஐந்து மணி. ஹோட்டல் வாசல். நல்லது" என்றார். எங்கள் ஆள் ஒருவர் என்றால், "ஐஞ்சோ? விசரோ உங்களுக்கு?" என்று கேட்டிருப்பார், உண்மை அந்த இடத்திலேயே வெளிவந்திருக்கும். இந்த மனிதர் நல்லது என்றுவிட்டார்.

அவர்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் பேர்ணில் காலை பத்து மணி தாண்டியிருந்தது. அங்கே ஐந்து தாண்டியிருந்தது. ஃபாக்ஸ் இயந்திரம் இருமியது.

"ஐந்து மணி. பதினாலு பேரும் வாசலில். பேருந்து இல்லை. நட்புடன், கெர்பர்."

நான் முதலில் பூமியின் சுழற்சியைக் குறை சொன்னேன். பிறகு ரமோனை. மத்தியானம் இன்னொரு தாள் வந்தது.

"ஏழு மணி. பேருந்து வந்தது. சாரதி சிரித்த முகம். நட்புடன், கெர்பர்."

வசந்தி இரண்டு தாளையும் வாசித்தாள். என் முகத்தையும் வாசித்தாள்.

"அண்ணை, எங்கட கணக்கையோ போட்டுக் குடுத்தனீங்கள்?"

"கை போயிட்டுது, வசந்தி."

"ஸ்டேஷன் மாஸ்ரருக்கோ?"

"நீர் கொஞ்சம் மெல்லமாக் கதையும். முன்னால முதலாளி அரிசி நிறுக்கிறார்."

அந்த ‘நட்புடன்' என்ற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கோபத்தில் திட்டுகிறவனைச் சமாளிக்கலாம். நட்புடன் என்று எழுதுகிறவன் வழக்கறிஞரிடம் போகிறவன் என்று எனக்குத் தோன்றியது. குசினியின் ஆவி என் கண்ணாடியில் படிந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். தவறு செய்தபோது நான் அமைதியாக இருந்தேன். அதனால் அது ஒரே ஒரு தவறாக இருந்தது. திருத்த இறங்கியபோதுதான் அது குட்டி போடத் தொடங்கியது. ஹேர் கெர்பருக்கு இரகசியமாக ஒரு ஃபாக்ஸ் அனுப்பினேன்: உள்ளூர்ச் சூழ்நிலை காரணமாக, தாளில் உள்ள நேரங்களோடு இரண்டு மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்ளவும்.

"என்ன உள்ளூர்ச் சூழ்நிலை?" என்று வசந்தி கேட்டாள்.

"வெக்கை."

"வெக்கையில மணிக்கூடு விரியுமோ?"

ஃபாக்ஸ் ஏற்கெனவே போய்விட்டது. அந்த வேளை அங்கே நடந்தது எனக்குத் தெரியாது. பேருந்தில் வைத்து ஹேர் கெர்பர் தன் தாளை ரமோனிடம் காட்டியிருக்கிறார். ரமோன் மானஸ்தன். பதினாலு முதியவர்களை இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்துவிட்டேனே என்று வெட்கப்பட்டு, நாளையிலிருந்து இந்தத் தாளில் உள்ளபடியே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆகவே இரண்டாம் நாள் ரமோன் ஆறு மணிக்கே ஹோட்டல் வாசலில். பயணிகளுக்கோ, அதற்குப் பிறகு கிடைத்த என் ஃபாக்ஸின்படி, எட்டு; அது ரமோனுக்கும் போயிருக்கும் என்று நம்பிவிட்டார்கள். தொலைபேசி அடித்தது.

"சென்யோர், நான் வந்தாச்சு. மக்கள் இல்லை."

"படுத்திருப்பார்கள். எட்டு மணிக்குத்தான் வருவார்கள். காத்திருங்கள்."

"படுக்கவில்லை, சென்யோர். எல்லாச் சாவியும் இங்கே தொங்குகிறது. அறைகள் வெறுமை."

விடிந்தும் விடியாத ஆறு மணி. தெரியாத நாடு. பதினாலு முதியவர்களையும் காணவில்லை. என் மூளை உடனே வேலை செய்தது, தவறான திசையில். "போய்த் தேடுங்கள்" என்று கத்தினேன். "எங்கே?" என்றார். திட்டத்தில் இருந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஒப்பித்தேன்.

அந்தப் பாவி மனிதன் ஒன்றையும் விடவில்லை. தேவாலயத்துக்குப் போனார். கோட்டைக்குப் போனார். மாளிகையைச் சுற்றினார். ஆற்றங்கரையில் இறங்கி எட்டிப் பார்த்தார். சாந்தோ டொமிங்கோவின் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாவற்றையும் அன்று காலை குறைவில்லாமல் பார்த்து முடித்தது ஒரு வெறும் பேருந்து.

அது ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஃபாக்ஸ் வந்தது.

"எட்டு மணி. பதினாலு பேரும் வாசலில். பேருந்து இல்லை. நட்புடன், கெர்பர்."

நான் கதிரையில் இருந்தேனா, கதிரை என்மேல் இருந்ததா தெரியாது. முதலாளி மிளகாய்த்தூள் கையோடு உள்ளே வந்தார்.

"என்ன ஐசே, மெசின் ரெண்டு நாளாக் கக்குது?"

வசந்தி என்னைப் பார்த்தாள். சொன்னேன். வெட்டியது, கூட்டச் சொன்னது, தேடச் சொன்னது எல்லாவற்றையும். முதலாளி அரிசி மூட்டையில் இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் மூக்கைத் தேய்த்தார். மிளகாய்த்தூள் ஏறித் தும்மினார்.

"அப்ப நாளைக்குப் பின்னேரம் எயார்போட்டுக்கு ஆர் எத்தினை மணிக்கு வருவினம்?"

அதுதான் கேள்வி. போனது வேறு வழியால்; திரும்பும் விமானம் கிழமைக்கு ஒன்று. தவறினால் பதினாலு பேரும் அடுத்த கிழமை வரை அங்கே, எங்கள் செலவில். ரமோன் இரண்டு மணிக்கு வர வேண்டும். தாளில் இருந்தது பன்னிரண்டு. இடையில் நான் கூட்டியதை அவர்கள் கூட்டினார்களா, ரமோன் கழித்தாரா, ஒருவருக்கும் தெரியாது. நான் மறுபடியும் தொலைபேசியைத் தூக்கினேன்.

வசந்தி அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

"அண்ணை, நீங்கள் இனி ஒண்டையும் தனித்தனியாத் திருத்தாதேங்கோ. ஒரே தாள் எழுதுங்கோ. மேல ரெண்டு பேற்ற பேரும். ஒரே நேரம். பிழை என்ர எண்டும் எழுதுங்கோ, இல்லாட்டி அவையள் தங்கட பிழையெண்டு நினைச்சுத் திரும்பவும் ஏதும் செய்வினம்."

"பிழை என்ர எண்டு எழுதினால் வழக்குப் போடுவினம்."

"எழுதாட்டி பிளேனை விடுவினம். எது மலிவு?"

முதலாளி மூட்டையிலிருந்தே சொன்னார்: "பிள்ளை சொல்லுறதை எழுதும்."

பிள்ளைகளே, என் வேலைக் காலம் முழுவதிலும் நான் கற்ற ஒரே பாடம் அந்தத் தாள்தான். தவறை ஒருவரிடம் மட்டும் திருத்தினால் அது இரண்டு தவறு. எல்லாரும் ஒரே காகிதத்தைப் பார்க்க வேண்டும். யார் பிழை என்றும் அதிலேயே இருக்க வேண்டும். எழுதினேன்: பேருந்து இரண்டு மணிக்கு. முன்பு கொடுத்த நேரங்கள் என் பிழை. ஹோட்டலுக்கு ஒரு பிரதி, ரமோனுக்கு ஒரு பிரதி. பிறகு வசந்தி சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அதைவிடக் கடினமான வேலை நான் செய்ததில்லை.

மறுநாள் கடை பூட்டும் நேரம். அங்கே இரண்டு மணி. ரமோன் அழைத்தார்.

"சென்யோர், நான் சரியாக வந்தேன். மக்கள் இல்லை. சாமான்களும் இல்லை. அறைகளைக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் காகிதம் இங்கே பெட்டியில் கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை."

"அங்கேயே நில்லுங்கள்" என்றேன். "நான் சொல்லும் வரைக்கும் நகராதீர்கள்."

விமானத்தில் ஏறினார்களா என்று கேட்டால், பயணிகளின் பெயரைச் சொல்ல மாட்டோம் என்றது விமானக் கம்பனிக் கந்தோர். முதலாளி சொன்னார்: "காலமை க்ளோட்டனுக்குப் போய் வாசல்ல நிப்பம். வந்தால் மன்னிப்புக் கேப்பம்."

"வராட்டி?"

"வராட்டி நீர் மட்டும் நில்லும்."

மன்னிப்புக் கேட்கப் போகும்போது வெறும் கையோடு போகக் கூடாது என்று ஒரு பை தட்டைவடையும் எடுத்துக்கொண்டார். கதவு திறந்து மூடிக்கொண்டிருந்தது. கரீபியன் வெயிலில் சிவந்த சனம் வந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொரு முகமாக எண்ணினேன். கடைசியில், அவித்த இறால் நிறத்தில், ஹேர் கெர்பர். அவருக்குப் பின்னால் மிச்சம் பதின்மூன்று பேர்.

"ஹேர் கெர்பர், அந்த நேரங்கள்..." என்று தொடங்கினேன்.

"அருமையான நேரங்கள்" என்றார் அவர்.

முதலாளி வடைப் பையை நீட்டியபடி நின்றார். ஹேர் கெர்பர் ஒன்றை எடுத்துக் கடித்து, காரத்தில் கண் கலங்க, நடந்ததைச் சொன்னார்.

நடந்தது இதுதான். ஐரோப்பாவிலிருந்து போனவர்களுக்கு அங்கே இரவு இரண்டு மூன்று மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். எல்லா நாளும் பதினாலு பேரும் இருட்டிலேயே எழும்பியிருந்தார்கள். ஐந்து மணி என்ற தாளைப் பார்த்து, இந்த நிறுவனத்துக்கு முதியவர்களின் உடம்பு தெரிந்திருக்கிறது என்று பாராட்டியிருக்கிறார்கள். முதல் நாள் பேருந்து வரும்வரை பேக்கரிக்காரனிடம் கோப்பி வாங்கிக் குடித்தார்கள். குகை திறந்ததும் முதலாவதாக இறங்கியவர்கள் அவர்கள்தான். இரண்டாம் நாள், எட்டு மணி வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று, ஒரு வாகனமும் இல்லாத சீமாட்டிகள் தெருவில் கைகோத்து நடந்து, கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் சூரியன் எழும்பப் பார்த்தார்கள். ரமோன் போன வீதிக்கு அடுத்த வீதியில். எட்டு மணிக்கும் பேருந்தைக் காணாததால் மிச்ச இடங்களையும் நடந்தே பார்த்தார்கள். ஃபாக்ஸ் ஒன்றும் முறைப்பாடு அல்ல. பிந்தினால் அறிவிப்பது நாற்பது வருடப் பழக்கம். அறிவிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கடைசி நாள் அவர்கள் எங்களை நம்பியிருக்கவே இல்லை; எங்கள் காகிதம் ஏதும் வந்ததா என்றும் கேட்கவில்லை. ஹோட்டல் மூலையில் நின்று போகும் சிறு வான்களை இரண்டு நாளாகக் கவனித்திருக்கிறார்கள். அட்டவணையே இல்லாத அந்த வான்களுக்குப் பென்சிலால் ஒரு அட்டவணை போட்டு, விடியவே சூட்கேசுகளோடு இரண்டு வானில் ஏறி, விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கடற்கரையான போக்கா சிக்காவுக்குப் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். பொரித்த மீன் சாப்பிட்டார்கள். விமான நிலையத்தில் சீட்டுக் காட்டும் வரிசையில் முதல் பதினாலு பேரும் அவர்கள்தான்.

அந்த மாத முடிவில் என் ப்ரோப்சைட் முடிந்தது. முதலாளி என்னை வைத்துக்கொண்டார். ரமோன் மட்டும் இருட்டும் வரைக்கும் ஹோட்டல் வாசலில் பேருந்தோடு நின்றிருக்கிறார். நான்தான் நகரக் கூடாது என்று சொன்னேன். போகலாம் என்று சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை.